ஹாண்டில் ஆடினால் டாம்பர் பூட்டலாமா?

பண்ணைப் பாலத்தில் ஏறி வேகமானி அறுபதைத் தொட்டதும் ஹாண்டில் இடமும் வலமுமாகப் படபடக்கத் தொடங்குகிறது. எழுபதைத் தாண்டினால் அடங்கிவிடுகிறது. திரும்பி வரும்போது மண்டைதீவுச் சந்தியைக் கண்டு அக்சிலேற்றரை விட்டால், வேகம் இறங்குகிற வழியில் மறுபடியும் அதே படபடப்பு. தீவகத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற பலருக்கும் இது தெரிந்த முறைப்பாடுதான். முறைப்பாட்டோடு மருந்தையும் தாங்களே சொல்லிக்கொண்டு பெடியள் கராஜுக்கு வருவதுதான் புதுசு. “அண்ணை, ஒரு ஸ்ரியறிங் டாம்பர் பூட்டினாச் சரிவரும்தானே?” கைபேசியில் படமும் தயாராக இருக்கும்: பொன்னிறக் குழாய், நுனியில் நீலத் திருகு, எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று ஒரு வாக்குறுதி.

இந்த அத்தியாயத்தின் விடையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். 100 சிசி முதல் 160 சிசி வரையான வண்டியில் பண்ணைக்கும் ஊர்காவற்றுறைக்கும், அல்லது பண்ணைக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடுகிறவருக்கு ஸ்ரியறிங் டாம்பர் தேவையில்லை. மலிவான டாம்பர் என்றால் தேவையில்லாதது மட்டுமல்ல, சில வேளை ஆபத்தானதும்கூட. குடியிருப்புப் பகுதியில் மோட்டார் சைக்கிளுக்கு மணிக்கு 50 கிலோமீற்றரும் வெளியே 70 கிலோமீற்றரும்தான் சட்டம் தருகிற எல்லை. அந்த வேகத்துக்குள் ஆடுகிற வண்டியில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது, அல்லது வளைந்திருக்கிறது. அது எது என்று கண்டுபிடிக்கிற வேலைதான் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி.

டாம்பர் என்ன செய்யும்

அலுவலகக் கதவு ‘படார்’ என்று அடிபடாமல் மெல்ல மூடுவதற்கு மேலே ஒரு எண்ணெய்க் குழாய் பூட்டியிருப்பார்களே, ஸ்ரியறிங் டாம்பரும் அந்த வேலையைத்தான் செய்கிறது. குழாய்க்குள் எண்ணெய், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறிய துளை. ஒரு முனை வண்டியின் சட்டகத்தில், மறுமுனை முன் போர்க்கில். ஹாண்டிலை மெதுவாகத் திருப்பினால் எண்ணெய் துளை வழியே தாராளமாகப் போகும், தடை தெரியாது. ஹாண்டில் சடாரென்று அடித்தால் எண்ணெய் அவ்வளவு வேகமாகப் போக முடியாமல் தடுக்கும். அதாவது திருப்புகிற வேகத்துக்கேற்பத் தடை கூட வேண்டும். இந்த ஒரு குணத்துக்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எண்ணெய்க்கு முன்பு உராய்வு இருந்தது. பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களில் ஹாண்டிலின் நடுவே ஒரு பெரிய திருகு இருக்கும். இறுக்கினால் ஸ்ரியறிங் பாரமாகும். என்பீல்ட் புல்லட்டின் பழைய மாதிரிகளிலும் இது வந்தது. பக்கத்தில் சைட்கார் பூட்டி ஓடுகிறவர்களுக்கு அது உண்மையில் பயன்பட்டது. மறுகோடியில், ஹொண்டா 2004இல் விட்ட சிபிஆர் 1000ஆர்ஆர் வண்டியில் வேகத்தைப் பார்த்துத் தடையைத் தானே கூட்டிக் குறைக்கும் மின்னணு டாம்பரை வைத்தது. மெதுவாக ஓடும்போது அது கிட்டத்தட்ட இல்லாததுபோல் இருக்கும். 1000 சிசி வண்டி முழு வேகமெடுக்கையில் முன்சில்லு பாரமிழந்து தரையை உரசியும் உரசாமலும் போகும். அந்த நிலையில் ஒரு பள்ளம் ஹாண்டிலைத் தட்டிவிட்டால் கையால் பிடித்து நிறுத்த முடியாது. அந்த வண்டிகளுக்காகப் பிறந்த சாமான் இது. டிஸ்கவரில் பூட்டுவதற்கு யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

அறுபதில் ஆடி எழுபதில் நிற்பதேன்

மோட்டார் சைக்கிளில் ஆட்டம் இரண்டு வகை. ஒன்றில் முன்சில்லும் போர்க்கும் ஹாண்டிலும் மட்டும் படபடக்கும். செக்கனுக்கு 4 முதல் 10 தடவை வரை. மற்றதில் முழு வண்டியும் பின்பக்கத்தோடு சேர்ந்து வளைந்து நெளியும். அது மெதுவானது, செக்கனுக்கு இரண்டு மூன்று தடவைதான், ஆனால் கூடிய வேகத்தில் வரும். முன்னதைப் படபடப்பு என்றும் பின்னதை நெளிவு என்றும் இங்கே அழைக்கலாம். டாம்பர் படபடப்பை அடக்கும். அதே டாம்பர் நெளிவைக் கூட்டும். விற்கிறவர் முதல் வாக்கியத்தைத்தான் சொல்வார்.

இனிக் கணக்கைப் பாருங்கள். 17 அங்குல றிம்மில் ரயரோடு சேர்த்துச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 1.87 மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 16.7 மீற்றர். வகுத்தால் சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ 9 தடவை சுற்றுகிறது. 45 கிலோமீற்றர் வேகத்தில் 7 தடவைக்குச் சற்றுக் குறைவு. போர்க் இயல்பாகவே படபடக்க விரும்புகிற எண்ணும் இதேதான். றிம்மில் ஒரு சிறு வளைவோ ரயரில் ஒரு பக்கத் தேய்மானமோ இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு விழும். அந்தத் தட்டும் போர்க்கின் தாளமும் 45க்கும் 65க்கும் இடையில் எங்கேயோ ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். வேகம் கூடினால் தாளம் தவறிவிடும், ஆட்டம் நிற்கும். ஆகவே ‘அறுபதில் மட்டும் ஆடுது’ என்பது மர்மம் ஒன்றுமில்லை. எங்கே தேடவேண்டும் என்று வண்டியே சொல்லித் தருகிறது.

இன்னொன்றும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருக்கிற வண்டிகளையே ஒட்டியும் தட்டியும் ஓட்டினோம். 2022இல் ரயருக்கும் உதிரிப்பாகத்துக்கும் பட்ட பாடு யாருக்கும் மறந்திராது. இன்று தீவகத்து ஒழுங்கைகளில் நிற்கிற பல்சரும் ஸ்ப்ளென்டரும் எப்சியும் பெரும்பாலும் அந்தக் காலத்தைக் கடந்து வந்தவை. அவற்றின் ஸ்ரியறிங் பெயரிங் எப்படி இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

கோன் செற்றில் தொடங்குங்கள்

சட்டகத்தின் கழுத்துக் குழாய்க்குள் போர்க்கின் தண்டு சுழல்வது மேலும் கீழும் உள்ள இரண்டு பெயரிங் வட்டங்களில். கராஜில் இதைக் கோன் செற் என்பார்கள். வண்டியை டபிள் ஸ்ராண்டில் ஏற்றி, முன்சில்லு நிலத்தைத் தொடாதபடி எஞ்சினுக்குக் கீழே ஒரு கட்டை வையுங்கள். வேலை தெரிந்த மெக்கானிக் ஹாண்டிலை முழுக் கையால் பிடிக்கமாட்டார். ஒரு பக்க நுனியை இரண்டு விரலால் தொட்டு, மூச்சுவிடுகிற வேகத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கொண்டுபோவார். நல்ல கோன் செற்றில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டதில், சில்லு நேரே பார்க்கிற இடத்துக்கு வந்ததும் ‘டக்’ என்று ஒரு குழிக்குள் விழும். வெளியே எடுக்க மெல்லத் தள்ளவேண்டும். வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதி நேரே போவதால், ஒவ்வொரு பள்ளத்திலும் குண்டுகள் அதே இடத்தை அடித்துக் குழி போட்டிருக்கின்றன. நேரே போகும்போது சின்னஞ்சிறு திருத்தங்கள் செய்ய விடாமல் அந்தக் குழி தடுக்கிறது. ஓட்டுகிறவருக்கு அது ஆட்டமாகத் தெரிகிறது.

அடுத்தது தளர்வு. முன்னால் குந்தியிருந்து போர்க்கின் இரு கால்களையும் கீழே பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். இன்னொருவர் கழுத்துக் குழாயும் போர்க் மேற்தட்டும் சேர்கிற இடத்தில் பெருவிரலை வைத்திருக்கட்டும். அந்த விரலுக்கு ஒரு ‘கிளிக்’ தெரிந்தால் தளர்வு இருக்கிறது.

தளர்வு மட்டும் என்றால் இறுக்கினால் போதும். குழி விழுந்திருந்தால் இறுக்குவது வீண். மேல், கீழ் இரண்டையும் செற்றாக மாற்றவேண்டும். மேலே மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரை நம்பவேண்டாம், அடி வாங்குவது கீழ் வட்டம்தான். மாற்றும்போது ஒரு விசயத்தில் கண் வையுங்கள். வளைய நட்டை இறுக்க அதற்கென்று கொக்கிச் சாவி இருக்கிறது. பல கராஜ்களில் உளியையும் சுத்தியலையும் எடுத்து அடிப்பார்கள். உளி அடியில் எவ்வளவு இறுகியது என்று யாருக்கும் தெரியாது. அதிகம் இறுகினால் புது வட்டத்திலும் குழி விழும், ஹாண்டில் பிடித்துக்கொண்டு மெதுவான ஓட்டத்தில் வண்டி அலையும். சரியான இறுக்கம் என்பது, சில்லு நிலத்தைத் தொடாத நிலையில் ஹாண்டிலை நடுவிலிருந்து சற்றுத் தட்டிவிட்டால் அது தன் பாரத்தில் தானாகவே முனை வரைக்கும் போய்ச் சேரவேண்டும். போகும் வழியில் நிற்கக்கூடாது. கேபிள்கள் இழுக்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணைப் பக்கத்து வண்டிகளுக்கு இந்தக் கோன் செற் கடலோரமில்லாத ஊர் வண்டிகளைவிட விரைவில் போகிறது. காரணம் உப்பு. தாம்போதியில் இரு பக்கமும் கடல். காற்றெழும் நாட்களில் தூவானம் றோட்டுக்கே வரும். அதைவிடப் பெரிய பிழை வீட்டில் நடக்கிறது. கடலுப்பைக் கழுவுகிறோம் என்று சவர்க் கிணற்றுத் தண்ணீரால் வண்டியைக் கழுவுகிறார்கள். தண்ணீர் காய்ந்தபின் உப்பு உள்ளே தங்குகிறது. அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டி மணல் பகுதியில் கிடைப்பதுபோன்ற நல்ல தண்ணீர் எல்லாக் கிணற்றிலும் இல்லை. நல்ல தண்ணீர் குறைவாக இருந்தால் முழு வண்டியையும் கழுவவேண்டாம். ஈரத் துணியால் கழுத்துப் பகுதி, போர்க் தண்டுகள், சில்லின் நடுப்பகுதி ஆகியவற்றைத் துடையுங்கள். உயர் அழுத்தத் தண்ணீரைக் கழுத்தை நோக்கி அடிக்கவே கூடாது. வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன், கோன் செற்றைத் திறந்து தண்ணீருக்குக் கரையாத கிறீஸ் வைத்து மூடுவது தீவகத்தில் ஆடம்பரம் இல்லை.

சில்லு, ரயர், பின்பக்கம்

கோன் செற் நல்லதென்றால் சில்லுக்கு வாருங்கள். போர்க்கில் ஒரு திருப்புளியைச் சேர்த்துப் பிடித்து, அதன் நுனியை றிம்முக்கு அருகே வைத்து சில்லைச் சுற்றுங்கள். இடைவெளி இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் கூடிக் குறைந்தால் றிம் வளைந்திருக்கிறது. கம்பிச் சில்லு என்றால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பாருங்கள். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். சில்லின் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டினால் அசைவு தெரிகிறதா? பெயரிங் போய்விட்டது. ரயரின் ஓரத்தில் றிம்மைச் சுற்றி ஒரு மெல்லிய வரி ஓடும். அது றிம்மிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் ரயர் சரியாக உட்காரவில்லை. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ இருக்கிறது என்பதற்காக அதை இன்னும் ஓட்டலாம் என்று நினைக்கவேண்டாம். வெயிலில் நின்ற ரயர் கல்லாகிவிடும்.

காற்று அளவு வண்டியில் ஒட்டியிருக்கும். பல்சர் 150க்கு முன்னால் 25, பின்னால் தனியாக 28, ஆள் ஏற்றினால் 32. பஞ்சர் ஒட்டுகிற கடையில் ‘அடிச்சு விடுங்கோ’ என்று சொல்லிவிட்டு வந்தால் முன்னால் 40 இருக்கும், அல்லது 15 இருக்கும். இரண்டுமே ஆட்டும்.

பின்பக்கத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. முன்னால்தானே ஆடுகிறது! ஆனால் சுவிங் ஆம் புஷ் தேய்ந்த வண்டியில் பின்சில்லு தன் விருப்பத்துக்குப் போகும். அதைத் திருத்தத் திருத்த ஹாண்டில் ஆடும். வண்டியை டபிள் ஸ்ராண்டில் விட்டு, பின்சில்லைப் பக்கவாட்டில் தள்ளி இழுத்துப் பாருங்கள். செயின் இறுக்கும்போது இரு பக்கக் கோடுகளும் ஒரே இலக்கத்தில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். அவசரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் இழுத்துவிட்டுப் போன வண்டிகள் ஏராளம்.

இவை எல்லாவற்றையும்விட இந்தப் பக்கத்துக்கே உரிய காரணம் சுமை. விடிய முன் நண்டும் றாலும் ஐஸோடு நிரப்பிய ரெஜிபோம் பெட்டி சீற்றின் பின்விளிம்பில் கட்டப்பட்டு யாழ்ப்பாணத்துக்குப் போகிறது. பெட்டியின் பாரம் பின்சில்லின் அச்சுக்கும் பின்னால் விழுகிறது. அப்போது முன்சில்லின் பாரம் குறைகிறது, முன்சில்லு றோட்டை இறுகப் பிடிக்காது, படபடப்பு வரும். ஆள் ஏறாத சீற்றின் முன்பகுதி வெறுமையாக இருக்கையில் பெட்டியைப் பின்னால் கட்டுவது வெறும் பழக்கம்தான். நாலு விரல் முன்னுக்குத் தள்ளிக் கட்டினாலே வித்தியாசம் தெரியும். ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரு பக்கமும் தொங்கும் இரண்டு சிறிய பெட்டிகள் இன்னும் நல்லது, பாரம் கீழே இறங்கும். ஹாண்டிலில் மரக்கறிப் பையையும் தண்ணீர்க் கானையும் கொழுவிக்கொண்டு போவதையும் விடுங்கள். ஆடுகிற பாரத்தை ஸ்ரியறிங்கிலேயே கட்டிவிட்டு ஸ்ரியறிங் ஆடுகிறது என்பது நியாயமில்லை.

காற்றுக்கு டாம்பர் உதவாது

சோழகம் தொடங்கினால் தாம்போதியில் வண்டி தள்ளுப்படும், அதற்காகவாவது டாம்பர் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. காற்றின் தள்ளல் படபடப்பு வகையைச் சேர்ந்ததே இல்லை. அது வண்டியை முழுதாகச் சாய்க்கிறது. ஓட்டுகிறவர் காற்று வருகிற பக்கத்துக்குச் சற்றுச் சாய்ந்து, ஹாண்டிலில் மெல்லிய, உடனடியான திருத்தங்கள் செய்யவேண்டும். பேருந்து ஒன்று எதிரே வந்து ஒரு கணம் காற்றை மறைத்து, கடந்ததும் மறுபடி திறந்துவிடுகிற அந்தக் கணத்தில் ஸ்ரியறிங் இலேசாக இருப்பதே உங்களைக் காப்பாற்றும். இறுக்கிய டாம்பர் உங்கள் திருத்தத்தைத் தாமதிக்கும். காற்றுக்கு மருந்து வேகத்தைக் குறைப்பதும், முதுகைத் தாழ்த்துவதும், றோட்டின் ஓரத்துக்குப் போகாமல் உங்கள் பாதையின் நடுவில் ஓடுவதும்தான்.

மலிவு எங்கே காட்டிக்கொடுக்கும்

நல்ல டாம்பரின் குணத்தை மேலே சொன்னேன்: திருப்புகிற வேகத்தோடு தடை கூடவேண்டும். மலிவானவற்றில் பலதிலும் அடைப்பு வளையம் தண்டை இறுக்கிப் பிடிப்பதால் தடை எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்; மெதுவாகத் திருப்பும்போதும் பாரம், சடாரென்று அடிக்கும்போதும் அதே பாரம்தான். பழைய உராய்வுத் திருகுக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் நடுவில் சிறிது தூரம் தடையே இருக்காது. அந்த வெற்றிடம் நேரே ஓடும்போது சில்லு நிற்கிற இடத்திலேயே விழும். முனைகளில் உள்ள குண்டு மூட்டுகளில் தளர்வு இருந்தாலும் பலன் இதேதான். நீலத் திருகைப் பதினெட்டு ‘கிளிக்’ திருப்பலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். திருப்பிப் பார்த்தால் முதல் கிளிக்குக்கும் கடைசிக் கிளிக்குக்கும் கைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு நம்முடைய உப்பு. தண்டின் மேற்பூச்சு மெல்லியது, புள்ளி புள்ளியாகத் துரு எழும், அது அடைப்பைக் கிழிக்கும், எண்ணெய் ஒழுகும். ஒழுகிய எண்ணெய் போகிற இடம் முன்சில்லும் பிறேக்கும்.

இதைவிடக் கவலை தருவது பூட்டுகிற தட்டும் கிளாம்பும். எந்த வண்டிக்கும் பொருந்தும் என்றால் எந்த வண்டிக்கும் அளவெடுத்துச் செய்யவில்லை என்றுதான் பொருள். பொருத்த முடியாமல் லேத்துக்குக் கொண்டுபோய் ஒரு தட்டு வெட்டுவோம். 1990 முதல் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டிய ஊருக்கு ஒரு தட்டு வெட்டுவது வேலையா? கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மண்ணெண்ணெய் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம்; ஸ்ரியறிங்கில் பூட்டிய தட்டு கழன்று போர்க்குக்கும் சட்டகத்துக்கும் இடையில் சிக்கினால் ஹாண்டில் திரும்பாது.

பூட்டியே தீருவேன் என்பவருக்கு

சிலருக்கு நியாயமான காரணம் இருக்கும். பெரிய வண்டியில் தொழிற்சாலையிலேயே பூட்டி வந்த டாம்பர் பழுதாகிப்போயிருக்கலாம். அதற்கு அதே கம்பனி டாம்பரைத் தேடுங்கள், அல்லது எண்ணெயும் அடைப்பும் மாற்றக்கூடிய நல்ல பெயருள்ள ஒன்றை வாங்குங்கள். பாலைவன ஓட்டக்காரர்கள் ஹாண்டிலின் நடுவில் பூட்டுகிற சுழல் வகை டாம்பரைப் பார்த்துவிட்டு நெடுந்தீவின் கல்லும் மணலும் கிடக்கிற ஒழுங்கைகளுக்கு அது நல்லதென்று நினைப்பவரும் உண்டு. அந்தச் சாமான் நல்லதுதான். நடுவிலிருந்து விலகும்போது மட்டும் தடுத்து, திரும்பி வரும்போது விட்டுவிடும் வகையில் அதை அமைக்கலாம். விலையும் அப்படித்தான், நாம் பேசுகிற வண்டியின் பெறுமதிக்கு ஒவ்வாது. இருபது முப்பதில் உருட்டுகிற ஒழுங்கைக்கு அது வீண்.

இவ்வளவும் கேட்டபிறகும் குழாய் வகை ஒன்றை வாங்குவதென்றால் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய கடையில் வாங்குங்கள். கொழும்புக்குப் போகிற வேலை இருந்தால் பஞ்சிகாவத்தையில் பார்க்கலாம். தண்டை மெதுவாக உள்ளே தள்ளி வெளியே இழுங்கள், பிறகு வேகமாக. வேகத்துக்குத் தடை கூடாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். திசை மாறுகிற இடத்தில் ‘லொடக்’ என்று வெற்றிடம் தெரிந்தாலும் அப்படியே.

பூட்டும்போது முதலில் பார்க்கவேண்டியது நீளம். ஹாண்டிலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பினால், சட்டகத்தில் உள்ள தடுப்பில் போர்க் முட்டி நிற்கவேண்டும். டாம்பரின் தண்டு அதற்கு முன் முட்டக்கூடாது. இரு பக்கமும் சில மில்லிமீற்றர் மிச்சம் இருக்கவேண்டும். தண்டு தடுப்பாக வேலை செய்தால் ஒருநாள் அது வளையும், அன்றைக்கு ஹாண்டில் பாதியில் நிற்கும். போர்க்கில் கிளாம்ப் போடுவது இரண்டு தட்டுகளுக்கும் இடைப்பட்ட அசையாத பகுதியில். கீழே வழுக்கி ஏறுகிற பகுதியின் பாதையில் போட்டால் முதல் பள்ளத்திலேயே அடிபடும். போல்ற்றுகளுக்குப் பூட்டுப் பசை இடுங்கள். ஒரு கிழமை கழித்து மறுபடி இறுக்கம் பாருங்கள்.

திருகை ஆகக் குறைந்த தடையில் வைத்தே தொடங்கவேண்டும். நடக்கிற வேகத்தில் எட்டுப் போட்டுப் பாருங்கள். வண்டி தானாக நேரே வர மறுத்தால், அல்லது சமநிலைக்காக நீங்கள் ஹாண்டிலோடு மல்லுக்கட்டினால், தடை கூடிவிட்டது. மண்டைதீவின் உள் ஒழுங்கைகளில் மணலுக்குள் வண்டி இறங்கும்போது முன்சில்லு தன் பாட்டில் திரும்பித் திரும்பி வழி தேடவேண்டும். அங்கே இறுகிய டாம்பர் ஆளை விழுத்தும். குறிகட்டுவானில் வண்டியைப் படகில் ஏற்றுகிறவர்கள் கயிற்றை டாம்பரில் போடவேண்டாம் என்று கட்டுகிறவரிடம் சொல்லுங்கள். கைக்கு எட்டுகிற முதல் கம்பியில்தான் அவர் கயிற்றைச் சுற்றுவார்.

ஒரு வார்த்தை பொலிஸாரைப் பற்றியும். 2025இன் தொடக்கத்தில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்ற பெயரில் வாகனங்களில் பூட்டிய மேலதிகச் சாமான்களைக் கழற்றச் சொல்லி வீதியில் மறித்தது நினைவிருக்கும். விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதிக் கம்பனியும் முதலில் பார்ப்பது ஸ்ரியறிங், பிறேக் இரண்டிலும் யார் கைவைத்தார்கள் என்பதைத்தான்.

ஓடும்போது ஆட்டம் பிடித்துவிட்டால்

மெல்லிய படபடப்பு என்றால் இரண்டு கைகளாலும் ஹாண்டிலைச் சாதாரணமாகப் பிடித்தாலே நின்றுவிடும்; ஒற்றைக் கையால் ஓட்டும் பழக்கம்தான் பலருக்கு அதைக் காட்டிக்கொடுக்கிறது. பெரிதாகப் பிடித்துவிட்டால் ஹாண்டிலோடு மல்லுக்கட்டாதீர்கள். விறைத்த கை ஆட்டத்தை உங்கள் உடம்புக்குக் கொண்டுவந்து, உடம்பு அதை வண்டிக்கே திருப்பிக் கொடுக்கும். முழங்கால்களால் தாங்கியை இறுக்கி, நெஞ்சை முன்னுக்குச் சாய்த்து முன்சில்லுக்குப் பாரம் கொடுங்கள். அக்சிலேற்றரைப் பட்டென்று விடாமல் மெல்லக் குறையுங்கள். முன் பிறேக்கைத் தொடவே வேண்டாம். தேவையென்றால் பின் பிறேக்கை மெதுவாக.

பாவித்த வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. 150 சிசி வண்டியில் ஏற்கெனவே டாம்பர் பூட்டியிருந்தால், அதை அழகுக்குப் பூட்டியது என்று விற்கிறவர் சொல்வார். ஒரு முனையைக் கழற்றி ஒதுக்கிக் கட்டச் சொல்லுங்கள், அவர் முன்னாலேயே 45லிருந்து 65 வரை ஓட்டிப் பாருங்கள். கழற்ற மறுத்தால் அந்த வண்டியை வாங்காதீர்கள். கழற்றியதும் ஆடினால், மேலே சொன்ன கோன் செற், சில்லு, ரயர், சுவிங் ஆம் சோதனைகளைச் செய்து, அவற்றுக்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஆடினால் அது அடிபட்டுச் சட்டகம் வளைந்த வண்டி. என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம்.